கப்பல்கள் ஏன் கூட்டமாகப் போகின்றன? காவல் கப்பலின் வேலை என்ன?

செம்பூரில் ஏறி ஹார்பர் லைனில் சிஎஸ்எம்டி பக்கம் போகிறவரா நீங்கள்? டாக்யார்ட் ரோடு ஸ்டேஷன் வரும்போது ஒரு நிமிஷம் போனைக் கீழே வையுங்கள். கடல் பக்கம் தெரியும் கிரேன்கள் மசகான் டாக் கப்பல் கட்டும் தளத்தினுடையவை.

2023 டிசம்பர் 23 அன்று, சவுதியிலிருந்து மங்களூருக்கு வந்துகொண்டிருந்த ‘கெம் புளூட்டோ’ டேங்கரை அரபிக் கடலில் ஒரு ட்ரோன் தாக்கியது. கப்பலில் இருந்த 21 பேரில் 20 பேர் இந்தியர்கள். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. கடலோரக் காவல்படையின் ‘விக்ரம்’ கூடவே வர, இரண்டு நாளில் அது மும்பை வந்து சேர்ந்தது. பிறகு அந்தக் கடலில் காவலுக்கு நின்ற கொச்சி, கொல்கத்தா, மர்மகோவா மூன்று போர்க்கப்பல்களும் இதே மசகான் டாக்கில் கட்டப்பட்டவை.

‘ஒரு போர்க்கப்பல் பக்கத்துல போனா மட்டும் என்ன ஆகிடப் போகுது?’ என்று அப்போது பலரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் இரண்டாம் உலகப் போரின் அட்லாண்டிக்கில் இருக்கிறது.

வட அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்கு உணவும் எண்ணெயும் ஆயுதமும் கொண்டுபோன சரக்குக் கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் வேட்டையாடின. அதனால் கப்பல்கள் கூட்டமாக, சுற்றிலும் காவலோடு போயின. இதுதான் கான்வாய். ஆனால் கூட்டமாகப் போனால் எதிரி கண்ணில் சுலபமாகப் படாதா?

படாது. கடைசி லோக்கலில் இறங்கும் 30 பேர், நாய் படுத்திருக்கும் ஒரு சந்து வழியே வீட்டுக்குப் போக வேண்டும் என்று வையுங்கள். ஒவ்வொருவராகப் போனால் நாய்க்கு 30 வாய்ப்பு. மொத்தமாகப் போனால் ஒரே வாய்ப்பு. அதிலும் அது எத்தனை பேரைக் கடித்துவிடும்? கடலும் அப்படித்தான். அவ்வளவு பரப்பில் 40 கப்பல் கூட்டமும் ஒற்றைக் கப்பலும் கிட்டத்தட்ட ஒரே அளவு புள்ளிதான்.

அடுத்தது, எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு. கூட்டம் பெரிதானால் காவல் கஷ்டம் என்று பிரிட்டிஷ் கடற்படை நம்பியது. பி.எம்.எஸ். பிளாக்கெட் என்ற இயற்பியலாளரின் குழு பழைய இழப்புக் கணக்குகளை எடுத்துப் பார்த்தது. ஒரு தாக்குதலில் எத்தனை கப்பல் மூழ்கும் என்பதற்கும் கான்வாயின் அளவுக்கும் பெரிய தொடர்பே இல்லை! அப்படியென்றால் கூட்டம் பெரிதாகப் பெரிதாக இழப்பு விகிதம் குறைகிறது. காவலும் அதே விகிதத்தில் கூட வேண்டியதில்லை. கப்பல்கள் இரண்டு மடங்கானால் சுற்றளவு சுமார் 1.4 மடங்குதான் ஆகும். உதாரணமாக, 40 கப்பலுக்கு 6 காவல் கப்பல் என்றால், 80 கப்பலுக்கு 12 வேண்டாம், 9 போதும். தரவு ஏற்கெனவே கையில்தான் இருந்தது. யாரும் வகுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். 1944-ல் 160-க்கும் மேற்பட்ட கப்பல்களோடு புறப்பட்ட ஹெச்எக்ஸ் 300 கான்வாய் ஒரு இழப்பும் இல்லாமல் கரை சேர்ந்தது. இந்த பிளாக்கெட்தான் சுதந்திரத்துக்குப் பிறகு நேரு அரசுக்குப் பாதுகாப்பு ஆலோசனை சொன்னவர்.

மூழ்கடிக்க வேண்டாம், மூழ்க வைத்தால் போதும்

அந்தக் கால நீர்மூழ்கி, தண்ணீருக்கு அடியில் பேட்டரியில் ஓடும். மேலே வேகம், கீழே ஆமை. காவல் கப்பல் அதைக் கீழே போக வைத்து, ஒலி அலைக் கருவியால் தேடிக்கொண்டே நீரடிக் குண்டுகளைப் போட்டால், அதற்குள் கான்வாய் தூரம் போய்விடும். எதிரியை அழித்தால் போனஸ். சரக்கு கரை சேர்வதுதான் வேலை.

இதில் நம் ஆட்களும் இருந்தார்கள். ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட சட்லஜ், ஜமுனா இரண்டும் 1941-ல் இந்தியா வருவதற்கு முன்பே அந்தப் பக்கத்துக் கான்வாய்களுக்குக் காவல் போனவை. 1944 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்துக்கு அப்பால், ஜமுனாவும் இரண்டு ஆஸ்திரேலியக் கப்பல்களும் சேர்ந்து ஒரு ஜப்பானிய நீர்மூழ்கியை மூழ்கடித்தன.

ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ‘பெங்கால்’ உடையது. 650 டன். சிட்னியில் கட்டப்பட்டு இந்தியாவுக்கு வரும் முதல் பயணம். கூட வந்தது ‘ஒண்டினா’ என்ற டச்சு டேங்கர் மட்டும். 1942 நவம்பர் 11 அன்று, கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, தலா 10,000 டன்னுக்கு மேற்பட்ட இரண்டு ஜப்பானிய ஆயுதக் கப்பல்கள் எதிர்ப்பட்டன. பெங்காலிடம் இருந்தது ஒரே ஒரு 3 அங்குல பீரங்கி. கேப்டன் வில்சன் டேங்கரைத் தப்பிக்கச் சொல்லிவிட்டு, எதிரியை நோக்கியே கப்பலைத் திருப்பினார்.

சிறிது நேரத்தில் ஜப்பானியக் கப்பல்களில் ஒன்றான ‘ஹொக்கோக்கு மாரு’ வெடித்து மூழ்கியது. அது பெங்காலின் குண்டா, ஒண்டினாவின் குண்டா என்பதில் இன்றும் இரு கருத்து உண்டு. ஒண்டினாவின் கேப்டன் கொல்லப்பட்டார். மாலுமிகள் படகுகளில் இறங்கினார்கள், படகுகள் மீதும் சுட்டார்கள். இன்னொரு ஜப்பானியக் கப்பல் போன பிறகு, மிச்சமிருந்தவர்கள் திரும்ப ஏறித் தீயை அணைத்து, ஒரு வாரத்தில் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் துறைமுகம் சேர்ந்தார்கள். டேங்கர் போய்விட்டது என்றே நினைத்த பெங்காலும் தப்பியது. அதில் ஒருவர்கூடச் சாகவில்லை.

போர் தொடங்கியபோது 2,000 பேர்கூட இல்லாத அந்தக் கடற்படை, 1945-ல் 25,000-ஐத் தாண்டியிருந்தது. போர் முடிந்த சில மாதங்களில், 1946 பிப்ரவரி 18 அன்று, மும்பை ‘தல்வார்’ தளத்தில் அவர்கள் சாப்பிட மறுத்தார்கள். மோசமான சாப்பாடு, பிரிட்டிஷ் மாலுமியைவிடக் குறைந்த சம்பளம், அதிகாரிகளின் ஏச்சு. அடுத்த நாட்களில் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது. ஆதரவாகத் தெருவில் இறங்கிய மும்பைவாசிகள் 200-க்கும் மேற்பட்டோர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். போராட்டம் முடிந்ததும் 476 மாலுமிகள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

அவர்கள் நினைவாகக் கொலாபாவில் ஒரு மாலுமி சிலை நிற்கிறது. ஹார்பர் லைனில் சிஎஸ்எம்டி இறங்கி, பஸ் பிடித்தால் போய்விடலாம்.