வாப்பா காலத்துக் காரும் காற்றடிக்கும் பம்பும்

நம் குடும்பங்கள் சிலவற்றில், பாட்டனாரோ வாப்பாவோ ஆசையுடன் வாங்கிய பழைய கார் ஒன்று இன்றும் வீட்டு முகப்பில் நிற்பதைக் காணலாம். மோரிஸ் மைனர், அம்பாசிடர், ஃபியட் என்று அதன் பெயர் எதுவாயினும், விற்றுவிட எவருக்கும் மனம் வருவதில்லை. அவ்வப்போது துடைத்து, சிறிது தூரம் ஓட்டி, பெருநாள் வந்தால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு உறவினர் வீடுகளுக்குச் சென்று வருவதும் உண்டு.

நாள்கணக்கில் நிற்கும் காரின் டயர்களில் காற்றுக் குறைவது இயல்பே. இதற்கென்றே கையடக்கமான மின்சாரப் பம்புகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. காரின் முன்பலகையிலுள்ள துளையில் செருகிப் பொத்தானை அழுத்தினால் போதும். புதிய கார்களில் இம்முறை பெரும்பாலும் சிக்கலின்றி நடைபெறுகிறது. பழைய காரிலும் அவ்வாறே செய்யலாம் என்று எண்ணுகிறீர்களா? சற்றுப் பொறுங்கள். பம்பில் குறையில்லை, அதற்கு மின்சாரத்தைக் கொண்டு வரும் பாதையில்தான் ஆபத்து மறைந்திருக்கிறது.

லைட்டருக்கு அமைந்த துளை

முன்பலகையிலுள்ள அந்தத் துளை சிகரெட் பற்றவைக்கும் லைட்டருக்காகத் தோன்றியது. புகைப்பழக்கமே இல்லாத வீடுகளிலும் அது இன்று செல்போனுக்கு மின்னேற்றப் பயன்படுகிறது. லைட்டர் ஏறத்தாழ 10 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கக்கூடியது. எனினும் சில நொடிகளில் சூடேறி வெளியே துள்ளிவிடும். அதற்குள் கம்பி சூடாக வாய்ப்பில்லை. செல்போனுக்கோ ஓரிரு ஆம்பியரே போதுமானது.

காற்றடிக்கும் பம்பின் நிலை வேறு. சாதாரணப் பம்பு 10 முதல் 15 ஆம்பியர் வரை இழுக்கும். அதுவும் சில நொடிகளுக்கன்று, ஐந்து பத்து நிமிடங்களுக்கு. சில நொடி வேலைக்காக அமைந்த கம்பி, பத்து நிமிடச் சுமையைத் தாங்குமா என்பதே இங்குள்ள கேள்வி.

பழைய கார்கள் பலவற்றில் இந்தத் துளை தொடக்கத்தில் இருந்ததில்லை. பிற்காலத்தில் எவரோ ஒரு மெக்கானிக், கைக்கு எட்டிய கம்பி ஒன்றிலிருந்து இணைப்பெடுத்துப் பொருத்தியிருப்பார். அது எங்கிருந்து வருகிறது, இடையில் ஃபியூஸ் உண்டா என்பது வீட்டாருக்குத் தெரிந்திருப்பதில்லை.

கம்பி சூடாவது ஏன்?

ஒரு சதுர மில்லிமீட்டர் கனமுள்ள செப்புக் கம்பி, போகவும் வரவும் சேர்த்து 6 மீட்டர் நீளம் ஓடினால், அதன் மின்தடை ஏறத்தாழ 0.1 ஓம். அதில் 12 ஆம்பியர் பாயும்போது 1.2 வோல்ட் வழியிலேயே இழக்கப்படுகிறது; 14 வாட்டுக்கும் மேற்பட்ட ஆற்றல் கம்பியில் வெப்பமாக மாறுகிறது. துருப்பிடித்த இணைப்பு ஒன்று இடையில் இருந்தால், வெப்பம் அந்த ஒரே இடத்தில் குவிந்துவிடும்.

பழைய கார்களின் கம்பிகள் ரப்பர் உறையும் அதன்மேல் பருத்தி நூல் பின்னலும் கொண்டவை. ஆண்டுகள் பல கடந்தபின் அந்த ரப்பர் பொடிப்பொடியாக உதிரும். மோரிஸ் மைனரில் இரண்டே இரண்டு ஃபியூஸ்கள்தாம் காரின் மின்சுற்றுகளைக் காக்கின்றன. முகப்பு விளக்குகளுக்குக்கூட அந்தப் பாதுகாப்பு இல்லை. ஃபியூஸ் இல்லாத கம்பியில் பம்பை ஓட்டுவது, முன்பலகைக்குப் பின்னே நம் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் அடுப்பை மூட்டுவதற்கு ஒப்பாகும். பின்னிருக்கையில் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வேளையில் இதனைச் சிறு செய்தியென்று ஒதுக்கிவிட முடியுமா?

எந்த முனை ‘எர்த்’?

இன்றைய கார்களில் பேட்டரியின் எதிர்முனை, அதாவது ‘மைனஸ்’, காரின் இரும்பு உடலோடு இணைக்கப்பட்டுள்ளது. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் 16 லட்சம் அளவுக்கு உருவான மோரிஸ் மைனரிலோ இதற்கு நேர்மாறாக ‘பிளஸ்’ முனையே உடலோடு இணைந்திருந்தது. அக்காலத்து ஆங்கிலேயக் கார்கள் பலவும் இவ்வாறே அமைந்தவை. பின்னாளில் சிலர் இதனை மாற்றியும் வைத்திருக்கலாம். ஆகவே காரின் பெயரைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். கம்பியின் நிறத்தையும் நம்ப வேண்டாம். பேட்டரியின் மேல் பொறித்துள்ள பிளஸ், மைனஸ் குறிகளைப் பார்த்து, எந்த முனையிலிருந்து வரும் கம்பி உடலில் முறுக்கப்பட்டுள்ளது என்பதைக் கண்ணால் கண்டு உறுதி செய்யுங்கள்.

பிளஸ் முனை உடலோடு இணைந்த காரில் பம்பைத் துளையில் செருகினால் மின்சாரம் தலைகீழாகப் பாயும். எளிய மோட்டார் மட்டும் கொண்ட பம்பு எதிர்த்திசையில் சுழன்றாலும் காற்றடிக்கவே செய்யும். எண்களைக் காட்டும் திரையும் தானே நின்றுவிடும் வசதியும் கொண்ட பம்பாயின், அதன் நுண்சுற்று ஒரே நொடியில் கெட்டுவிட வாய்ப்புண்டு.

6 வோல்ட் கார்கள்

1960-களின் நடுப்பகுதி வரை வந்த ஃபோக்ஸ்வேகன் ‘வண்டு’ கார் போன்றவை 6 வோல்ட் பேட்டரியில் இயங்கியவை. 12 வோல்ட் பம்பை அதில் இணைத்தால் அது முனகுமே தவிர, டயரை நிரப்பாது. மின்னழுத்தத்தை உயர்த்தும் கருவியை இடையில் வைக்கலாமே என்பார்கள். அப்போது பம்புக்கு 12 ஆம்பியர் கிடைக்க, காரின் பேட்டரியிலிருந்து 24 ஆம்பியருக்கும் மேல் இழுக்க வேண்டிவரும். இத்தகைய காருக்குத் தனியே மின்னேற்றிக் கொள்ளும் பம்போ, கால் பம்போதான் ஏற்றது.

பாதுகாப்பான வழி

12 வோல்ட் கார் வைத்திருப்போருக்கு மிக எளிய வழி, பேட்டரியிலிருந்தே நேரடியாக மின்சாரம் எடுப்பதாகும். முனைகளில் சிவப்பு, கறுப்புக் கிளிப்புகள் கொண்ட பம்புகள் இதற்கெனவே விற்கப்படுகின்றன. துளையில் செருகும் பம்பு உங்களிடம் இருந்தால், ஒருபுறம் கிளிப்புகளும் மறுபுறம் செருகு துளையும் கொண்ட இணைப்புக் கம்பியை வாங்கிக்கொள்ளலாம். பயன்படுத்தும் முறை வருமாறு:

1. சிவப்புக் கிளிப்பை பிளஸ் முனையிலும் கறுப்புக் கிளிப்பை மைனஸ் முனையிலும் மாட்டுங்கள். எந்த முனை எர்த்தாக இருப்பினும் இவ்விதி மாறாது.

2. கிளிப்புக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்கட்டும். 12 ஆம்பியர் பம்புக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் பொருந்தும்.

3. முதலில் கிளிப்புகளை மாட்டி, பிறகே பம்பின் பொத்தானை அழுத்துங்கள். கழற்றும்போது முதலில் பம்பை நிறுத்துங்கள். பேட்டரியிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு ஒரு சிறு தீப்பொறியிலும் வெடிக்கக்கூடியது.

4. பம்பைக் காரின் மேல் வைக்காமல், தரையில் ஒரு துண்டுத் துணியோ பலகையோ விரித்து அதன்மேல் வையுங்கள். பெட்ரோல் வாடை வீசினால் பம்பைத் தொடவே வேண்டாம். அதன் மோட்டாருக்குள்ளும் பொறி பறக்கும்.

5. பத்து நிமிடம் ஓடினால் பம்பை ஆறவிடுங்கள். குழாயின் பித்தளை முனை சுடும், பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள்.

நிரந்தரமாக ஒரு துளை வேண்டுமென்று விரும்புவோர், 4 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் பேட்டரியிலிருந்தே தனியாக இழுக்கும்படி நல்ல எலக்ட்ரீஷியனிடம் கூறுங்கள். உடலோடு இணையாத முனையின் கம்பியில்தான் ஃபியூஸ் இருக்க வேண்டும். அதுவும் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்திற்குள்.

எஞ்சினை ஓட்ட வேண்டுமா?

பம்புடன் வரும் குறிப்பேடுகள் பல, எஞ்சினை ஓடவிடும்படி கூறுகின்றன. அது ஆல்டர்னேட்டர் உள்ள புதிய கார்களுக்குப் பொருந்தும். பழைய காரின் டைனமோ, எஞ்சின் மெல்ல ஓடும்போது மின்சாரம் தருவதில்லை. முன்பலகையில் சிவப்பு விளக்கு எரிவதே அதற்கு அடையாளம். எனவே அந்நேரத்தில் எஞ்சினை ஓட்டிப் பயன் குறைவு.

கணக்குப் பாருங்கள். 12 ஆம்பியர் வீதம் பத்து நிமிடம் ஓடினால் செலவாவது 2 ஆம்பியர்-மணி. 40 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள நல்ல பேட்டரிக்கு அது இருபதில் ஒரு பங்கே. எஞ்சினை நிறுத்திவிட்டே காற்றடிக்கலாம். பானட் திறந்திருக்கையில் சுழலும் விசிறியில் துப்பட்டாவின் நுனியோ சட்டைக் கையோ சிக்கும் அபாயமும், மூடிய ஷெட்டில் புகையின் நஞ்சு பரவும் அபாயமும் இதனால் நீங்கும். பேட்டரி தளர்ந்திருந்தால், ஒரு டயருக்கும் அடுத்த டயருக்கும் இடையே காரைச் சிறிது தூரம் ஓட்டி வாருங்கள்.

எவ்வளவு காற்று?

புதிய கார்கள் பலவற்றுக்கு 30 முதல் 35 பவுண்டு காற்று வேண்டும். மோரிஸ் மைனருக்கு அதன் பழைய டயர்களில் 22 பவுண்டை ஒட்டிய அளவே போதுமானது. பழைய காரின் கையேட்டைப் பார்த்தே அளவை முடிவு செய்யுங்கள். ரேடியல் டயர் மாற்றியிருந்தால் டயர்க் கடையில் கேட்டறியுங்கள். ஓடிச் சூடேறிய டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். காலையில் அளப்பதே சரியானது.

டயர் முற்றிலும் தரையோடு படிந்திருந்தால், முதலில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்குங்கள். காரின் பாரம் உள்ளேயிருக்கும் ட்யூபை நசுக்கிக் கிழித்துவிடும். பக்கச்சுவரில் வெடிப்பு விழுந்த டயருக்குக் காற்றடித்துப் பயணம் செல்வது, நீந்தத் தெரியாதவன் ஓட்டைப் படகில் ஏறுவது போன்றதே. ஆணி குத்திய டயருக்கும் பம்பு மருந்தாகாது. ஸ்டெப்னியை மாட்டிப் பஞ்சர் கடைக்குச் செல்வதே முறை.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கால் பம்பைக் காரின் பின்பெட்டியில் வைத்திருங்கள். அதற்குப் பேட்டரியும் ஃபியூஸும் தேவையில்லை. இருள் சூழ்ந்த சாலையில் பேட்டரியும் கைவிட்ட நேரத்தில், குடும்பத்தை வீடு சேர்ப்பது அதுவாகவே இருக்கக்கூடும்.

பெரியவர்கள் பேணிக் காத்துத் தந்த காரை நாமும் பேணுகிறோம். மேற்பூச்சைத் துடைத்துப் பளபளக்க வைப்பதோடு அப்பணி முடிந்துவிடுவதில்லை. முன்பலகைக்குப் பின்னே ஓடும் கம்பிகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அடுத்த பயணத்திற்கு முன், இந்த வாரமே பாருங்கள்.