எட்டு நட்சத்திரக் கொடி!

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திற்கும் தனிக் கொடி உண்டு. அலாஸ்கா மாநிலக் கொடியை உருவாக்கியது யார் தெரியுமா குழந்தைகளே? ஒரு பள்ளிச் சிறுவன்!

பெயர், பென்னி பென்சன். சின்ன வயதிலேயே தாயை இழந்து, அனாதை இல்லத்தில் வளர்ந்தவன். அப்போது அலாஸ்கா மாநிலமாகவில்லை. அமெரிக்காவின் ஆட்சிப் பகுதியாகவே இருந்தது. அதற்கென ஒரு கொடி வேண்டும் என்று, பள்ளி மாணவர்களுக்குப் போட்டி வைத்தனர்.

அலாஸ்காவின் அரசு முத்திரை ஏற்கெனவே இருந்தது. அதைப் பார்த்தால் திருவிழாக் கடை மாதிரி இருக்கும்! மலை, வடதுருவ ஒளி, ரயில், கப்பல், மரம், விவசாயி, குதிரை, மீன், கடல்நாய் என்று அத்தனையும் அந்தச் சின்ன வட்டத்திற்குள்!

பென்னி என்ன செய்தான்? நீல நிறத்தில் எட்டே எட்டு தங்க நட்சத்திரங்களை வரைந்தான். அவ்வளவு தான்.

நீலம், அலாஸ்கா வானத்தையும், அங்கு பூக்கும் ஒரு நீலப் பூவையும் குறிக்கும். ஏழு நட்சத்திரங்கள், நாம் சப்தரிஷி மண்டலம் என்கிறோமே, அதுதான். மேலைநாட்டினர் அதைப் பெருங்கரடி என்பர். கரடி, வலிமையின் அடையாளம். தனியாக நிற்கும் பெரிய நட்சத்திரம், துருவ நட்சத்திரம். 'வருங்காலத்தில் அலாஸ்கா மாநிலமாகும். எல்லா மாநிலங்களுக்கும் வடக்கே இருக்கும்' என்று விளக்கம் எழுதினான் பென்னி.

1927ல் அவன் கொடியே வென்றது. 1959ல், அவன் எழுதியபடியே அலாஸ்கா 49வது மாநிலமானது. கொடியை மாற்றவே இல்லை!

பரிசு, ஒரு கடிகாரமும் 1,000 டாலரும். அந்தப் பணத்தை வைத்து, பின்னாளில் டீசல் இன்ஜின் வேலை படித்தார் பென்னி.