பாலாற்றில் எத்தனை லாரி மணல் அள்ளலாம்? கணக்குப் போடுவது யார்?

பெரிய காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலில் இருப்பது மண் லிங்கம். பஞ்சபூதத் தலங்களில் நிலத்துக்கு உரியது. அந்த ஊரின் குடிநீரும் மண்ணைத்தான், சரியாகச் சொன்னால் மணலைத்தான் நம்பியிருக்கிறது. ஓரிக்கை, திருப்பாற்கடல் பகுதிகளில் பாலாற்றுப் படுகையில் உள்ள கிணறுகளிலிருந்து காஞ்சிக்குத் தண்ணீர் வருகிறது.

'ஆறே காய்ஞ்சு கிடக்குதே, தண்ணி எங்கேருந்து வருது?' என்று கேட்கலாம். அடியிலிருந்துதான். மணல் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் தண்ணீர் தேங்கி நிற்கும். நனைந்து ஊறிய ஒரு கன மீட்டர் மணலில் சுமார் 300 லிட்டர், அதாவது 15 வாட்டர் கேன். இரண்டு யூனிட் மணல் ஏற்றிய லாரி போகும்போது, கிட்டத்தட்ட 1,700 லிட்டர் பிடிக்கும் தொட்டியும் கூடவே போகிறது. பள்ளம் ஆழமானால் சுற்றியுள்ள நிலத்தடி நீர் அதை நோக்கி இறங்கும். பக்கத்துக் கிணறு வற்றும்.

இது புது விஷயமில்லை. ஆற்றுப் படுகைகளின் சேதத்தை ஆராய, புவியியல் வல்லுநர்கள் கொண்ட உயர்நிலைக் குழுவை அமைக்கும்படி 2002-லேயே சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் தொடர்ச்சியாக, அக்டோபர் 2003-ல் தமிழக அரசு மணல் குவாரிகளைத் தானே எடுத்துக்கொண்டது. அந்த விதி செல்லும் என 2006-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

சரி, 'யார் அள்ளுவது' என்பது மாறியது. ஆனா 'எவ்வளவு' என்பதுதானே ஆற்றின் கேள்வி?

அதற்கான வழியை மத்திய அரசின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. பருவமழைக்கு முன்னும் பின்னும் படுகையின் உயரத்தை அளக்க வேண்டும். புதிதாக வந்து சேர்ந்த மணலை வைத்தே அனுமதி அளவை முடிவு செய்ய வேண்டும். பேங்க் பேலன்ஸ் மாதிரி: வட்டியை எடுக்கலாம், முதலில் கை வைக்கக் கூடாது.

பாலாற்றில் இந்தக் கணக்கு கொஞ்சம் கறாரானது. நந்தி மலையில் பிறந்து கர்நாடகம், ஆந்திரம் தாண்டி வரும் ஆறு இது. வழியிலுள்ள ஏரிகளும் தடுப்பணைகளும் தண்ணீரோடு மணலையும் பிடித்துக்கொள்கின்றன. நவம்பர் 2021 போல வெள்ளம் வந்தால் மணல் வரும். வெள்ளமே வராத வருஷத்தில் வட்டி பூஜ்ஜியம். அந்த வருஷ அனுமதியும் பூஜ்ஜியமாகத்தான் இருக்க வேண்டும். இதைச் சொல்வது அறிவியலுக்குச் சுலபம். கட்டுமான வேலையையும் குவாரி வருமானத்தையும் பார்க்கும் அரசுக்குக் கஷ்டம்.

நமக்கு இதில் என்ன இடம்? மாவட்ட ஆய்வறிக்கை என்று ஒன்று உண்டு. 2016 அறிவிக்கையின்படி அதன் வரைவை ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்ட இணையதளத்திலும் 21 நாட்கள் மக்கள் கருத்துக்காக வைக்க வேண்டும். உங்கள் மாவட்ட வரைவு வந்தால், மழைக்கு முன் அளவு, மழைக்குப் பின் அளவு இரண்டும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்றுதான் இருக்கிறதென்றால், எழுதிக் கேட்க அந்த 21 நாட்கள் இருக்கின்றன.