பாலாற்றுப் பட்டறைகள் – 9: சீட்டுக்கு அடியில் ஒரு வாடை

ஆம்பூரில் பெட்ரோலில் ஓடும் லோடு வண்டி ஓட்டுகிறவருக்கு வேறெந்த ஊர் டிரைவருக்கும் இல்லாத சங்கடம் ஒன்று உண்டு. வண்டிக்குள் வாடை அடித்தால் அது வண்டியுடையதா, சரக்குடையதா, ஊருடையதா என்று உடனே சொல்லிவிட முடியாது.

ராணிப்பேட்டையிலிருந்து வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் பதனிடும் ஷாப்புக்கும் ஷூ கம்பெனிக்கும் நடுவே சிறு வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஏற்றுவது தோல் கட்டும் ஷூவின் மேற்பாகமான அப்பர் மூட்டையும் மட்டுமல்ல. ஒட்டுவதற்கான சொல்யூஷன் டின்னும் ஃபினிஷிங்குக்கான தின்னர் கேனும் கூடவே போகும். இவற்றில் பலவற்றில் டொலுவீன் இருக்கிறது. பெட்ரோலிலும் அதே டொலுவீன் உண்டு. மூக்கு குழம்பாமல் என்ன செய்யும்?

சிஎன்ஜி வண்டியில் குழப்பம் இன்னும் கூடுதல். கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த வாயுவில் அழுகிய முட்டை நாற்றம் கொண்ட மெர்காப்டனைக் கலக்கிறார்கள். தோலில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சேர்க்கும் சோடியம் சல்ஃபைடிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கும் ஏறக்குறைய அதே நாற்றம்தான். தோல் ஷாப் வாசலில் நிற்கும் சிஎன்ஜி வண்டி கசிந்தாலும் ‘ஊர் வாடை’ என்று டிரைவர் விட்டுவிட வாய்ப்பு அதிகம்.

அதனால் முதல் வேலை ஸ்பேனரை எடுப்பதல்ல, சரக்கை இறக்குவது. சொல்யூஷன் டின் ஏற்றாமல், கண்ணாடிகளைத் திறந்து ஒரு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். வாடை போய்விட்டால் வண்டியில் பழுது இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதோடு நிம்மதியடையவும் முடியாது. பசையில் கலக்கும் ஹெக்ஸேன் என்ற கரைப்பானைச் சுவாசித்து, 1960களில் ஜப்பானில் செருப்புச் செய்த தொழிலாளர்கள் பலருக்குக் கைகால் நரம்புகள் செயலிழந்தன. டின்னை மூடிக் கட்டி, கேபினுக்குள் வைக்காமல் பின்னால் வைப்பது டிரைவரின் நரம்புக்கு நல்லது.

வாடை போகவில்லை என்றால்தான் மெக்கானிக்குக்கு வேலை. அனுபவசாலி எதையும் கழற்றும் முன் கேட்பது ஒன்றுதான்: “எப்பண்ணே வருது?”

“டேங்க் ஃபுல் பண்ணா ரெண்டு நாளைக்கு வருது. அப்புறம் இல்ல.”

பாதி நோய் இந்தப் பதிலிலேயே பிடிபட்டுவிடும். டேங்க் மூடியின் ரப்பர், மூடியிலிருந்து டேங்குக்குப் போகும் ஓஸ், டேங்கின் மேல்புறம் பம்ப் உட்காரும் இடத்தின் கேஸ்கட் என்று சந்தேகம் மேல்பக்கமே போகும். பெட்ரோல் அந்த மட்டத்துக்கு ஏறினால் மட்டுமே கசியும், இறங்கினால் நின்றுவிடும். 2010 பிப்ரவரியில் மாருதி சுசுகி சுமார் ஒரு லட்சம் ஏ-ஸ்டார் கார்களைத் திரும்ப அழைத்தது இதே காரணத்துக்காகத்தான். பம்ப் கேஸ்கட் சரியாக உட்காராததால், கழுத்துவரை நிரப்பினால் எரிபொருள் கசியலாம் என்பது கண்டறியப்பட்டது. பெரிய கம்பெனிக்கே நேர்ந்தது என்றால், டேங்கை இறக்கி ஏற்றும் ரோட்டோரப் பட்டறையில் நேராமலிருக்குமா?

இதில் பங்க் பழக்கத்துக்கும் பங்குண்டு. பெட்ரோல் போடும் துப்பாக்கி ‘டக்’கென்று தானாக நின்ற பிறகும் “ரவுண்டா போட்டுருங்க” என்று சொல்லி இன்னும் கொஞ்சம் ஊற்ற வைப்பது. டேங்கில் எழும் ஆவியைப் பிடித்து வைக்கக் கரித்தூள் நிரப்பிய கேனிஸ்டர் ஒன்று இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். கரித்தூள் ஆவிக்கானது, திரவத்துக்கானதல்ல. வழிந்த பெட்ரோல் அதற்குள் போய் ஊறினால் கேனிஸ்டர் கெட்டு, வாடை நிரந்தரமாகிவிடும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் நிறுத்திய வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் வாடை அடித்து, ஓட ஓடக் குறைகிறதா? இஞ்செக்டர் ஓ-ரிங்கையும் ஓஸ் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். புகைபோக்கிப் பக்கம் அடித்து, எஞ்சின் தட்டுகிறது, செக் லைட்டும் எரிகிறது என்றால் எரியாத பெட்ரோல் வெளியேறுகிறது. பிளக், காயில் பக்கம் போகலாம். ஓம்னி, சூப்பர் கேரி, டாடா ஏஸ் போன்ற வண்டிகளில் எஞ்சின் சீட்டுக்கு அடியில். அங்கே ஒரு சொட்டு விழுந்தாலும் டிரைவர் மடியில் விழுந்த மாதிரிதான். எஞ்சின் மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் சின்னக் கசிவும் கேபினுக்குள் பெரிதாகத் தெரியும்.

பழைய வண்டிகளுக்குப் புதுக் கவலை எத்தனால். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, இப்போது சாதாரண பங்கிலேயே வருகிறது. சில பழைய வண்டிகளில் 20,000 – 30,000 கிலோமீட்டர் ஓடியபின் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டையும் மாற்ற வேண்டிவரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. 2019இல் உற்பத்தி நின்றுபோன ஓம்னியை இன்றும் ஓட்டுகிறவர் ஓஸை மடக்கிப் பார்க்கட்டும்; வெடிப்பு கண்ணில் பட்டால் மாற்றிவிடலாம்.

மாற்றுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கார்புரேட்டர் காலத்து ஓஸும் கட்டுக்கம்பியும் இன்றைய இஞ்செக்‌ஷன் வண்டிக்கு ஆகாது. லைனில் சுமார் 3 பார் அழுத்தம், அதாவது கார் டயரில் இருப்பதைவிட அதிகம். இஞ்செக்‌ஷனுக்கென்றே வரும் ஓஸ், அதற்குரிய கிளிப், புது ஓ-ரிங் வேண்டும். எம்-சீல் பூசி அனுப்புவது நாலு நாள் வைத்தியம்.

ஓஸைக் கழற்றும் முன், பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு எஞ்சினை அது தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் லைனில் அழுத்தம் இறங்கும். எஞ்சின் ஆறியபின் பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கலாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து பட்டறைக் குழியில் தேங்கும். பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் தீப்பிடிக்கக்கூடிய எரிபொருள் அது. பக்கத்து ஷெட்டில் வெல்டிங் நடந்தால் குழியில் இறங்கவே கூடாது.

எல்லாம் மாற்றியபிறகும் லேசாக அடித்தால் சீட் ஸ்பாஞ்சையும் தரையில் விரித்த சாக்கையும் எடுத்து முகர்ந்து பார்க்க வேண்டும். ஊறிய பெட்ரோல் அங்கே பல நாள் தங்கும். சாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஸ்பாஞ்சைக் கழற்றி வெட்டவெளியில், நெருப்பு அண்டாத இடத்தில் காயப்போட்டபின் டேங்கைத் துப்பாக்கி நிற்கும்வரை மட்டும் நிரப்பி, வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திக் கதவைத் திறந்து பார்க்கலாம்.

(தொடரும்)