வரைபடத்தில் தமிழ் உடையாமல் நிற்க

மலேசியாவில் பேராக் ஆறு கடலில் கலக்கும் பாகான் டத்தோ 2017-இல்தான் தனி மாவட்டமானது. தென்னையும் செம்பனையும் நிறைந்த இந்த வட்டாரத்தில், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் உள்ள ஜெண்டராட்டா தோட்டத்தை வெளியார் ஒரே பெயரால் அறிவார்கள். தோட்டத்து மக்களுக்கோ அது பல டிவிஷன்கள், தனித்தனித் தமிழ்ப்பள்ளிகள், கோயில்கள். இவற்றைத் தமிழிலேயே பதிய இடம் தருவது, 2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் பிரிட்டனில் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற திறந்த இணைய வரைபடம். எவரும் திருத்தலாம், ஓர் ஊருக்குப் பல மொழிப் பெயர்களைத் தனித்தனியே சேர்க்கலாம். ஆனால் பெயரைப் பதிவதோடு வேலை முடிவதில்லை. அதைத் திரையில் வரையும் மென்பொருளுக்குத் தமிழ் எழுதத் தெரிய வேண்டும். அதனால்தான் இத்தகைய திறந்த வரைபடத் திட்டங்களுக்கு இப்போது தமிழ் அறிந்த நிரலாளர்கள் தேவை என்கிறேன்.

முன்பெல்லாம் வரைபடம் சர்வரிலேயே படமாக வரையப்பட்டு வந்தது. இப்போது பெரும்பாலும் தரவு மட்டும் வருகிறது. கோடுகளையும் எழுத்துகளையும் நம் கைப்பேசியோ உலாவியோ அங்கேயே வரைகிறது. அப்படி வரையும் திறமூல மென்பொருள்களில் முக்கியமானது மேப்லிப்ரே. மேப்பாக்ஸ் நிறுவனம் 2020 டிசம்பரில் தன் நிரலின் உரிமத்தை மூடியபோது, பழைய திறந்த நிரலிலிருந்து பிரிந்து வளர்ந்தது இது. அதன் அடிப்படை அமைப்பில் எழுத்து வடிவங்கள் 256 குறியீடுகள் கொண்ட கோப்புகளாக வருகின்றன. தமிழ், 2816 முதல் 3071 வரையுள்ள கோப்பில் இருக்கிறது. ஒவ்வொரு குறியீட்டையும் வந்த வரிசையில் வைத்துக்கொண்டே போவதால், 'பேராக்' என்ற சொல்லில் முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு 'ப'வுக்குப் பின்னால் போய் விழுகிறது. 'தோட்டம்' என்பதில் கொம்பும் துணைக்காலும் சேர்ந்தே 'த'வுக்குப் பின்னால் ஒதுங்குகின்றன. இது சிறு அழகுக் குறை அல்ல. தாய்மொழியிலேயே படித்த பாட்டிக்குத் தன் தோட்டத்தின் பெயரே படிக்க முடியாமல் போகிறது.

தீர்வு இல்லாமலும் இல்லை. எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நூலகத்தை ஆண்ட்ராய்டும் பயர்பாக்ஸும் பயன்படுத்துகின்றன. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: கோத்து முடித்த வடிவங்கள் பலவற்றுக்குத் தனிக் குறியீடு கிடையாது, எனவே அந்த 256 கணக்கில் அவை அடங்கா. ஆனாலும் வழி தெரிகிறது. அரபு எழுத்துக்கென்று துணைநிரல் எழுதினார்கள். சீன, ஜப்பானிய எழுத்துகளைச் சாதனத்தில் உள்ள எழுத்துருவைக் கொண்டே வரையச் செய்தார்கள். அந்தக் குறைகளைக் கண்டவர்கள் நிரலுக்கு அருகில் இருந்தார்கள். நம் குறையைக் காண்பவர்கள் நிரலைத் தொடுவதில்லை. நிரலைத் தொடுபவர்கள் பெரும்பாலும் தமிழ் படிப்பதில்லை.

கூகுள் மேப் இருக்க இது எதற்கு என்று கேட்கலாம். அதில் குறை கண்டால் புகார்தான் அனுப்ப முடியும். இங்கே நிரலையே திறந்து திருத்த முடியும். 2010-இல் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது தன்னார்வலர்கள் சில நாட்களில் தெருக்களை வரைந்து மீட்புக் குழுக்களுக்குத் தந்தது இந்தத் திறந்த அமைப்பால்தான். கடல் ஏற்றம் மிகும்போது நீர் புகும் கரையோரக் கம்பங்களுக்கும் அந்த வசதி வேண்டும். நம் இலவச உழைப்பில் பெருநிறுவனங்கள் லாபம் பார்க்கின்றனவே என்பது நியாயமான கேள்வி. மெட்டா, மைக்ரோசாஃப்ட், அமேசான் எல்லாமே இந்தத் தரவைப் பயன்படுத்துகின்றன. ஆனால் 2012 முதல் உள்ள உரிமத்தின்படி, தரவை மேம்படுத்தி வெளியிடுபவர் அதே உரிமத்தில்தான் தர வேண்டும். நாம் போட்டது நம் கையை விட்டுப் போவதில்லை.

நிலவரைவியல் தெரியாதே என்று கம்பாரிலோ ஈப்போவிலோ கணினி படிக்கும் மாணவர் தயங்கத் தேவையில்லை. மேப்லிப்ரேயின் இணையப் பதிப்புக்கு டைப்ஸ்கிரிப்ட், இதே தரவைக் கையாளும் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலிக்குக் கோட்லின், ஜோசம் திருத்தக் கருவிக்கு ஜாவா, ஆர்கானிக் மேப்ஸ் செயலிக்கு சி பிளஸ் பிளஸ் என்று தெரிந்த மொழியிலேயே நுழையலாம். முதல் வேலையாக 'பேராக்', 'தோட்டம்', 'கோயில்', 'தைப்பிங்' என்று கொம்பும் இணைக்கொம்பும் புள்ளியும் வரும் சொற்களைச் சோதனைக்காகத் தொகுத்து, திரையில் வந்ததையும் வர வேண்டியதையும் அருகருகே வைத்துப் பிழை அறிக்கையாக அனுப்பலாம். தமிழ் தெரியாத நிரலாளர், தன் திருத்தம் சரியா என்று அதை வைத்துத்தான் பார்க்க முடியும்.