கூடைப்பந்தின் ஸனது

போடியில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, சிலமலையிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் நம்மை நிறுத்தினார். கையில் ஒரு மஞ்சள் பை. "ஹஜ்ரத், நீங்க காலேஜும் படிச்சவங்க. இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று சில காகிதங்களை எடுத்து நீட்டினார்.

அவருடைய மகன் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் கூடைப்பந்து ஆடியவர். ஒரு வருடம் பல்கலைக்கழக அணியிலும் இடம் கிடைத்து, வெளிமாநிலம் போய் ஆடிவிட்டு வந்திருக்கிறார். மழையில் கூரை ஒழுகியதில், டிரங்குப் பெட்டிக்குள் இருந்த சான்றிதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிட்டன. படித்த கல்லூரியில் போய்க் கேட்டிருக்கிறார்கள். அன்று இருந்த பிசிக்கல் டைரக்டர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அணிப் பதிவேடு எங்கே என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க வயது ஓடிக்கொண்டிருக்கிறது. மகன் இப்போது ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறார்.

"அவன் ஆடுனதை எத்தனையோ பேரு பாத்தாங்க ஹஜ்ரத். எழுதி வெச்சவங்கதான் யாரும் இல்ல" என்றார் அந்த அத்தா.

அந்தச் சொல் நம்மை விடவில்லை. கல்லூரி மாணவர்கள் ஆடும் ஆட்டத்தை எழுதி வைப்பதற்கென்றே உலகத்தில் ஒரு கட்டடம் இருக்கிறது என்பதை அப்போதுதான் நினைத்துக்கொண்டோம். அமெரிக்காவில் மிசோரி மாநிலத்தின் கன்சாஸ் சிட்டியில் இருக்கும் தேசியக் கல்லூரிக் கூடைப்பந்துப் புகழரங்கம் அது. 2006-இல் அதைத் தொடங்கியது அந்நாட்டின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் சங்கம். ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இதைவிடப் பழைய, பெரிய புகழரங்கம் ஒன்று உண்டு; அங்கே பணத்துக்கு ஆடும் தொழில்முறை வீரர்களுக்கும் இடம் உண்டு. கன்சாஸ் சிட்டியில் பார்ப்பது கல்லூரி நாட்களில் செய்ததை மட்டும்தான். அதன்பின் ஒருவர் கோடீஸ்வரர் ஆனாரா, இல்லையா என்பது அங்கே கணக்கில்லை.

முதல் ஆண்டு பெயர் பொறிக்கப்பட்டவர்களுக்கு அடையாளமாக ஐந்து பேரை முன்னிறுத்தினார்கள். அதில் இருவர் ஆட்டக்காரர்கள்: சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தை 1955, 1956 இரண்டு ஆண்டுகளும் வெற்றி பெறச் செய்த பில் ரஸ்ஸல், சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் ஆஸ்கர் ராபர்ட்சன். மற்ற மூவரும் வாத்தியார்கள். ஜேம்ஸ் நைஸ்மித், ஜான் வுடன், டீன் ஸ்மித். ஐந்தில் மூன்று இடம் கற்றுக்கொடுத்தவர்களுக்கு! பயிற்சியாளர்கள் சேர்ந்து நடத்தும் அரங்கம், அதனால் அப்படி என்று சிலர் சொல்லலாம். அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் மதரஸாவில் ஓதியவர்களுக்கு அந்த வரிசை வேறு ஒன்றை நினைவூட்டும்.

மதரஸாவில் பட்டம் வாங்கும்போது கையில் தருவதை ஸனது என்கிறோம். ஒரு கல்வி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற உஸ்தாதுமார்களின் தொடருக்கும் அதே பெயர்தான். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த விளையாட்டுக்கும் ஒரு ஸனது தெரிகிறது. 1891-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியராக இருந்த நைஸ்மித், பனிக்காலத்தில் மாணவர்களைக் கூரைக்குள்ளேயே ஆடவைக்க, பீச் பழம் பறிக்கும் கூடைகளைப் பால்கனிக் கம்பியில் மாட்டி இந்த ஆட்டத்தை உண்டாக்கினார். பிறகு கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவரிடம் ஆடியவர் ஃபாக் ஆலன். ஆலனிடம் ஆடி, 1952-இல் கல்லூரிச் சாம்பியன் ஆன அணியில் இருந்தவர் டீன் ஸ்மித். வட கரோலினாவில் டீன் ஸ்மித் வளர்த்த பிள்ளைதான், இன்று நம் பிள்ளைகள் பனியனில் போட்டுக்கொண்டு திரியும் மைக்கேல் ஜோர்டான். ஜோர்டானிடமிருந்து நைஸ்மித் வரை நடுவில் இரண்டே பேர்.

இதில் ஒரு வேடிக்கை. கன்சாஸ் அணிக்குப் பயிற்சியாளராக இருந்த காலத்தில் நைஸ்மித் வென்றது 55 ஆட்டம், தோற்றது 60. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே வென்றதைவிடத் தோற்றது அதிகம்! வெற்றிக் கணக்கு மட்டும் பார்க்கும் அரங்கமாக இருந்தால் அவர் வாசலிலேயே நின்றிருப்பார்.

ஜான் வுடன் இதற்கு நேர் எதிர். கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. அணியை 1964 முதல் 1975 வரையிலான 12 ஆண்டுகளில் 10 முறை சாம்பியன் ஆக்கினார். அவர் புதிதாகச் சேரும் மாணவனுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்தது பந்து எறிவதை அல்ல; காலுறையைச் சுருக்கம் இல்லாமல் போடுவதையும் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டுவதையும். சுருக்கம் இருந்தால் காலில் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் ஆட முடியாது என்பது அவர் கணக்கு. அவரிடம் மூன்று பருவம் ஆடி, 88 ஆட்டம் வென்று இரண்டே ஆட்டம் தோற்ற அணியின் நடுநாயகமாக இருந்த ஏழடி உயர மாணவரின் பெயர் லூ அல்சிண்டர். 1967-இல் பந்தை வளையத்துக்குள் நேரடியாகக் கையால் திணிப்பதையே கல்லூரி ஆட்டங்களில் தடை செய்தார்கள். அவருடைய உயரத்துக்குப் பயந்துதான் என்று அன்று பேசிக்கொண்டார்கள். கல்லூரியில் இருந்தபோதே, 1968-இல் அவர் இஸ்லாத்தைத் தழுவினார். கரீம் அப்துல் ஜப்பார் என்று நம் வீடுகளில் அறியப்படுபவர் அவர்தான். 2006-இல் பொறிக்கப்பட்ட பெயர்களில் அவர் பெயரும் உண்டு. பல ஆண்டுகள் கழித்து, 2017-இல், தம் பழைய பயிற்சியாளர் வுடனைப் பற்றி அவர் ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

சரி, இதற்கும் சிலமலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்தே வருகிறது. நைஸ்மித் ஆட்டத்தை உண்டாக்கிய அதே பயிற்சிப் பள்ளியில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்றும் நந்தனத்தில் இருக்கிறது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியோடு போனவரும் அவர்தான். அங்கே பயின்ற உடற்கல்வி ஆசிரியர்கள் தமிழ்நாட்டின் ஊர் ஊருக்கும் போனார்கள். நாம் பள்ளியில் 'பி.டி. மாஸ்டர்' என்று பயந்து ஒளிந்தவர்களில் பலர் அந்தத் தொடரின் கடைசிக் கண்ணிகள்.

நம் தேனி மாவட்டத்தில் அந்தத் தொடரின் கனியைப் பார்க்க வேண்டுமானால் பெரியகுளம் போக வேண்டும். போடியிலிருந்து தேனி வழியாக ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கே சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் கோடை விடுமுறையில் பி.டி.சிதன் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை நடத்துகிறது. 60 போட்டிகளைத் தாண்டிவிட்டது. நாட்டின் பெரிய அணிகள் மே மாத வெயிலில் இந்தச் சின்ன ஊருக்கு வந்து, இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஆடுகின்றன. சுற்றுப்பட்டு ஊர்ப் பிள்ளைகள் அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் பந்தைத் தொடுகிறார்கள். மஞ்சள் பை அத்தாவின் மகனும் அப்படிப் பார்த்து வந்தவர்தானாம்.

ஆட்டம் நம்மிடம் இல்லாமல் இல்லை. குறைந்தது பதிவுதான். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை ஏற்றவர்; ஒன்பது ஆசியப் போட்டிகளில் ஆடியவர்; 2021-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவருக்கே அந்த அங்கீகாரம் ஆடி முடித்த பிறகுதான் வந்தது. உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956-இலிருந்து நடக்கிறது. போடியில் ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரி இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் ஆடியவர்கள், ஆடவைத்தவர்கள் எத்தனை பேர்? ஒரு வராந்தாச் சுவரும், ஆண்டு வாரியாக ஒரு பெயர்ப்பலகையும் போதுமே. பளிங்கு மண்டபம் யாரும் கேட்கவில்லை.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் பில்கிஸ் அப்துல் காதிர் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்துக்காகத் தலையை மறைத்துக்கொண்டே ஆடினார். கல்லூரி விதி அவருக்கு இடம் கொடுத்தது. படிப்பு முடிந்து தொழில்முறையாக ஆடப் போனபோது சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் விதி தடுத்தது. அந்த விதி 2017-இல் மாற்றப்பட்டது. இப்போது தலையை மறைத்து ஆடத் தடையில்லை. இதைத் தெரியாமலே பிள்ளையை அணியிலிருந்து நிறுத்திவிட்ட வீடுகளை நாம் அறிவோம்.

இனி காகித விஷயம். தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் 500 இடம் இருக்கிறது. இவை கோப்பையைப் பார்த்துத் தருவதல்ல, படிவத்தைப் பார்த்துத் தருவது. வேலைக்கான விண்ணப்பத்தில், மாநில அணிக்கு ஆடியிருந்தால் படிவம் 2. பல்கலைக்கழக அணிக்கு, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியிருந்தால் படிவம் 3. இதில் பலர் தவறுவது, படிவம் 3-இல் கையெழுத்துப் போடுவது கல்லூரி என்று நினைப்பதில். பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக்குப் பொறுப்பான அதிகாரிதான் போட வேண்டும். ஆகவே கல்லூரியில் பதிவேடு தொலைந்துவிட்டது என்றால் கதை முடிந்துவிடவில்லை. அணியை அனுப்பியது பல்கலைக்கழகம். போட்டியை வேறொரு பல்கலைக்கழகம் நடத்தியிருக்கும். இந்தப் போட்டிகளுக்கெல்லாம் மேலே இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் இருக்கிறது. ஓர் இடத்தில் இல்லாத பெயர்ப்பட்டியல் இன்னோர் இடத்தில் இருக்க வாய்ப்பு உண்டு.

இன்று ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் அத்தாமார்கள், போட்டி முடிந்து பிள்ளை வீடு திரும்பிய வாரமே படிவத்துக்கு அலைந்துவிடுங்கள். சான்றிதழைப் போனில் படம் எடுத்து இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள். அணிப் புகைப்படத்தின் பின்னால் ஆண்டு, ஊர், எல்லார் பெயரும் எழுதுங்கள். ஓரத்தில் விசிலோடு நிற்கும் மாஸ்டரின் பெயரையும்.

மஞ்சள் பை அத்தாவிடம் நாம் சொன்னதும் இதுதான்: மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்குப் போய், உடற்கல்வித் துறையில் ஆண்டைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். எந்த ஆண்டு, எந்த ஊரில் போட்டி என்று மகனிடம் கேட்டுவரச் சொன்னோம். மறுநாள் மகனே போனில் பேசினார். ஆண்டு நினைவில்லையாம். கூட ஆடிய கேப்டன் இப்போது திண்டுக்கல்லில் இருக்கிறாராம். அவரிடம் ஒரு போட்டோ இருக்கலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை ஜீப்புக்கு வேலையில்லை, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் ஹஜ்ரத் என்று சொல்லியிருக்கிறார்.