செக்ரோல் கைமாறினால் நட்டம் யாருக்கு?

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் காரியாலயங்களில், தொழிலாளரின் வரவும் சம்பளமும் பதியும் கனத்த செக்ரோல் புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினால் கிளாக்கர் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அதே விபரம் கணினிக் கோப்பாகிவிட்ட பிறகு அந்தப் பூட்டுக்கு வேலையில்லை. பெயர், அடையாள அட்டை இலக்கம், சேமலாப நிதி இலக்கம், வங்கிக் கணக்கு, சம்பளத்தில் பிடிக்கும் கடன் எல்லாம் ஒரே வட்ஸ்அப் செய்தியில் வெளியே போய்விடும்.

போனால் என்ன?

லயத்துப் பெண் ஒருவருக்கு அழைப்பு வருகிறது. பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் பிசகாமல் சொல்கிறவன் வங்கிக்காரனாகத்தான் இருப்பான் என்று அவர் நம்புகிறார். அடுத்து அவன் கேட்பது கைப்பேசிக்கு வந்த ஓடிபி. அதைச் சொன்னதும் கணக்கில் கிடந்த சம்பளம் காலி. விபரத்தை வெளியே விட்டவர் யாரென்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

உள்ளே இருப்பவர் ஏன் விடுகிறார்?

பெரும்பாலும் அவசரம். அல்லது, தெரிந்தவர் கேட்டார் என்ற தாட்சண்யம். சில வேளை வன்மம். இங்கிலாந்தின் மொரிசன்ஸ் பேரங்காடியில் 2014இல் நடந்தது மூன்றாவது வகை. ஒழுக்காற்று நடவடிக்கையால் மனம் கசந்த உட்கணக்காய்வாளர் ஒருவர், ஏறத்தாழ ஒரு இலட்சம் ஊழியர்களின் சம்பள விபரங்களை இணையத்தில் போட்டார். எட்டு ஆண்டு சிறை கிடைத்தது. அவர் எதையும் உடைத்துத் திருடவில்லை. வெளிக் கணக்காய்வாளரிடம் கொடுக்கும்படி நிறுவனமே ஒப்படைத்த கோப்பில் தனக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டார்.

உள்ளே இருப்பவர் வழியாக விபரம் கசிவதற்கு நம் இலங்கையிலும் சாட்சி உண்டு. 2024 செப்டம்பர் 15இல் நடந்த ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகின. தேசிய கல்வி நிறுவகப் பணிப்பாளர் ஒருவரும் ஆசிரியர் ஒருவரும் கைதாயினர். டிசம்பர் 31இல் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப் புள்ளி வழங்கச் சொன்னது. விடியவிடியப் படித்த தோட்டத்துப் பிள்ளையும் அந்தக் குழப்பத்தில் மூன்று மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், விபரத்தைச் சேகரிக்கும் நிறுவனத்தின் தலையிலேயே பொறுப்பை வைக்கிறது. தண்டப்பணம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பிரிவுகள் தள்ளிவைக்கப்பட்டன. கடவுச்சொல்லை அனுமதியின்றி அடுத்தவருக்குக் கொடுப்பதோ 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டப்படி ஏற்கெனவே குற்றம்.

தோட்டம் செய்யக்கூடியவை

முதலாவது, தேவையானவருக்குத் தேவையானதை மட்டும் காட்டுவது. முழுநாள், அரைநாள் வேலையை முழுப்பேர், அரைப்பேர் என்று பதிகிறவருக்கு வங்கிக் கணக்கு இலக்கம் எதற்கு?

ஆளுக்கொரு கடவுச்சொல் வேண்டும். திரையோரம் ஒட்டிவைத்த பொதுக் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு, கோப்பைத் திறந்தது யாரென்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. சம்பளப் பட்டியலை வங்கிக்கு அனுப்பும்போது கோப்பைப் பூட்டி அனுப்பி, திறக்கும் சொல்லைத் தொலைபேசியில் சொல்லலாம். சொந்தக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். கிளாக்கர் மாற்றலாகிப் போகும் நாளிலேயே அவருடைய கணினிக் கணக்கை மூட வேண்டும். பழைய அடையாள அட்டைப் பிரதிகளை எடைக்குப் போட்டால் வடை சுற்றும் தாளாக ஊருக்குள் வந்து சேரும். கிழித்து எரிப்பதே சரி.

தவறுதலாக அனுப்பிவிட்டவர் உடனே தோட்டத் துரையிடம் சொல்லக்கூடிய நிலையும் வேண்டும். வேலை போய்விடும் என்று பயந்து இரண்டு நாள் மறைத்தால், அந்த இரண்டு நாளும் மோசடிக்காரனுக்கு இலாபம். உடனே தெரிந்தால் வங்கிக்கும் தொழிலாளருக்கும் எச்சரிக்கை கொடுத்துவிடலாம்.

தொழிற்சங்கங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. சம்பளச் சீட்டில் கழிவு பிழைத்தால் ஆபீசுக்குப் போய்க் கேட்பவர்கள், தாங்கள் கொடுத்த அடையாள அட்டைப் பிரதி யார் யார் கையில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.